இத்தாலி, 1978: மரணங்களுக்கு நடுவே எழுதப்பட்ட சட்டங்கள்

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய இத்தாலியை அறிந்துகொள்ள ஏதேனும் ஓர் ஆண்டின் செய்திகளை மட்டும் படிப்பதென்றால் எந்த ஆண்டைப் படிக்கலாம், அந்த ஆண்டில் மறைந்த முக்கியமானவர்கள் யார் யார் என்பது கேள்வி. என் பதில் 1978. அந்த ஆண்டைப் பற்றிய தொகுப்புகள் பெரும்பாலும் ஓர் அரசியல் கொலையையும் மூன்று போப்புகளையும் சொல்லி முடித்துவிடுகின்றன. இத்தாலியரின் அன்றாட வாழ்வை இன்றளவும் பாதிக்கிற மூன்று பெரிய சட்டங்கள் அதே ஆண்டில், அதே நாடாளுமன்றத்தில் நிறைவேறின என்பதும், அவற்றில் இரண்டு நாட்டின் மிக முக்கியமான அரசியல்வாதியின் உடல் கண்டெடுக்கப்பட்ட இரண்டு வாரங்களுக்குள் சட்டமாயின என்பதும் அத்தொகுப்புகளில் ஓரமாய்க் கிடக்கும். கொலைகளையும் சட்டங்களையும் தனித்தனி அத்தியாயங்களாகப் படித்தால் இரண்டுமே சரியாக விளங்காது என்பது என் கருத்து. ஆகவே சேர்த்தே சொல்கிறேன்.

பின்னணியிலிருந்து தொடங்க வேண்டும். 1976ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சி 38.7 விழுக்காடும் கம்யூனிஸ்ட் கட்சி 34.4 விழுக்காடும் வாக்குகள் பெற்றிருந்தன. முன்னதை விட்டுவிட்டு ஆட்சி அமைக்க வழியில்லை. பின்னதை எதிர்த்துக்கொண்டு ஆட்சி நடத்தவும் வழியில்லை. கம்யூனிஸ்ட் உறுப்பினர்கள் எதிர்த்து வாக்களிக்காமல் ஒதுங்கி நின்றதால் ஜூலியோ அந்த்ரியோத்தியின் அமைச்சரவை ஒன்றரை ஆண்டு உயிர்வாழ்ந்தது. சிலியில் 1973இல் நடந்த இராணுவப் புரட்சியைப் பார்த்தபின், 51 விழுக்காடு பெற்றாலும் இடதுசாரிகள் தனித்து ஆள முடியாது என்ற முடிவுக்கு வந்திருந்த கம்யூனிஸ்ட் தலைவர் என்ரிகோ பெர்லிங்குவேர், கத்தோலிக்கர்களோடு ஒரு வரலாற்று உடன்பாடு தேவை என்று பேசிவந்தார். எதிர்த் தரப்பில் அந்தப் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டவர் அல்டோ மோரோ. ஐந்து முறை அமைச்சரவைக்குத் தலைமை தாங்கிய பிரதமர், ரோம் பல்கலைக்கழகத்தில் சட்டப் பேராசிரியர், அப்போது கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சியின் தலைவர். நீண்ட, வளைந்து வளைந்து செல்லும் வாக்கியங்களில் பேசுபவர். நண்பர்களே சலித்துக்கொள்ளும் அளவுக்குப் பொறுமைசாலி.

1978 ஜனவரியில் கம்யூனிஸ்ட்டுகள் இனி ஒதுங்கி நிற்க மாட்டோம் என்று சொல்ல, 16ஆம் தேதி அமைச்சரவை விலகியது. கம்யூனிஸ்ட்டுகள் ஆட்சியில் பங்கேற்பதை விரும்பவில்லை என்று அமெரிக்க வெளியுறவுத் துறை அதற்குச் சில நாள் முன் வெளிப்படையாகவே அறிக்கை விட்டிருந்தது. ஏறத்தாழ இரண்டு மாத இழுபறிக்குப்பின், தன் கட்சியின் வலதுசாரிகளை ஒவ்வொருவராகச் சமாதானப்படுத்தி மோரோ கண்ட தீர்வு இதுதான்: அமைச்சர்கள் அனைவரும் கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சியினராகவே இருப்பார்கள், ஆனால் கம்யூனிஸ்ட்டுகள் 1947க்குப் பின் முதன்முறையாக அரசின் பெரும்பான்மைக்குள் வருவார்கள். அமைச்சரவை மார்ச் 11ஆம் தேதி அமைந்தது. நம்பிக்கை வாக்கெடுப்பு மார்ச் 16 என்று குறிக்கப்பட்டது.

தெருவில் வேறொரு நாட்காட்டி ஓடிக்கொண்டிருந்தது. ஜனவரி 7 அன்று ரோமின் அக்கா லாரென்ஸியா தெருவில் நவபாசிசக் கட்சியின் கிளை அலுவலக வாசலில் இரண்டு இளைஞர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதையடுத்துக் காவல் படையினருடன் நடந்த மோதலில் மூன்றாமவர் இறந்தார். பிப்ரவரி 14 அன்று நீதிபதி ரிக்கார்தோ பால்மா ரோமில் கொல்லப்பட்டார். மார்ச் 9 அன்று தூரின் நகரில், சிவப்புப் பிரிகேட் என்ற தீவிர இடதுசாரி ஆயுதக் குழுவின் நிறுவனர் ரெனாத்தோ குர்ச்சியோ உள்ளிட்டோர் மீதான வழக்கு மீண்டும் விசாரணைக்கு வந்தது. அந்த வழக்கு முந்தைய ஆண்டு மறுபடி தொடங்கவிருந்தபோது அந்நகர வழக்கறிஞர் சங்கத் தலைவர் ஃபுல்வியோ குரோச்சே கொல்லப்பட்டிருந்தார். அதனால் நடுவர் குழுவுக்குக் குலுக்கலில் பெயர் வந்த சாதாரணக் குடிமக்கள் வரிசையாக மருத்துவச் சான்றிதழ்களை நீட்டினார்கள். பலருடைய சான்றிதழ்களில் ஒரே நோய், மனச்சோர்வு. தனிமனித உரிமைகளுக்காகப் போராடிய சிறு கட்சியான ராடிக்கல் கட்சியின் செயலாளர் அதெலாய்தே அலியெத்தா தன் பெயர் வந்ததும் மறுக்காமல் ஏற்றுக்கொண்டது அந்த நகரத்துக்கே ஒரு தைரியத்தைக் கொடுத்தது. வழக்கு தொடங்கிய மறுநாளே தூரினில் ரொசாரியோ பெரார்தி என்ற காவல் அதிகாரியைச் சுட்டார்கள். மார்ச் 16ஐ ஒரு திடீர் இடியாகச் சொல்வது வழக்கம். மேலே சொன்னவற்றைப் பார்த்தால் அது திடீரென விழுந்த இடியாகத் தெரியவில்லை.

அன்று காலை ஒன்பது மணி அளவில், நம்பிக்கை வாக்கெடுப்புக்காக நாடாளுமன்றம் சென்றுகொண்டிருந்த மோரோவின் ஃபியட் 130 காரையும் பின்னால் வந்த காவல் காரையும் ரோமின் ஃபானி தெருவில் சிவப்புப் பிரிகேட்காரர்கள் மறித்தார்கள். தாக்கியவர்களில் சிலர் அல்இத்தாலியா விமான நிறுவனத்தின் சீருடையை ஒத்த உடையில் தெருமுனையில் நின்றிருந்தார்கள். ஓரெஸ்தே லியோனார்தி, தொமெனிகோ ரிச்சி, ரஃபாயேலே இயோட்சினோ, ஜூலியோ ரிவேரா, பிரான்செஸ்கோ ஸிட்சி என்ற ஐந்து பாதுகாவலர்களும் உயிரிழந்தனர்; மோரோ கடத்தப்பட்டார். மோரோவின் பெயரோடு இந்த ஐந்து பெயர்களையும் சொல்வது இத்தாலியில் இன்று மரபாகிவிட்டது; அது நல்ல மரபு. அந்த்ரியோத்தி அரசு அன்று மாலைக்குள் மிகப் பெரிய பெரும்பான்மையில் நம்பிக்கை வாக்கைப் பெற்றது. கம்யூனிஸ்ட்டுகள், தங்களை ஏமாற்றும் விதமாகப் பழைய முகங்களாலேயே நிரப்பப்பட்ட அமைச்சரவை என்று முந்தைய இரவு முணுமுணுத்ததை எல்லாம் விழுங்கிக்கொண்டு ஆதரித்தார்கள்.

அடுத்து வந்த ஐம்பத்தைந்து நாள்களைப் பற்றி இத்தாலியில் நூலகமே எழுதப்பட்டிருக்கிறது. நாடாளுமன்ற விசாரணைக் குழுக்கள் மட்டுமே ஒன்றுக்கு மேற்பட்டவை. சதிக் கோட்பாடுகளில் நேரத்தைச் செலவிடாமல், மறுக்க முடியாத சிலவற்றைப் பார்த்தாலே போதும். சிவப்புப் பிரிகேட்டின் தலைவர் மாரியோ மொரேத்தி வேற்றுப் பெயரில் வாடகைக்கு எடுத்திருந்த வீடு ரோமின் கிராதோலி தெருவில் 96ஆம் எண் கட்டடத்தில் இருந்தது. கடத்தல் நடந்து இரண்டே நாளில் காவலர்கள் அந்தக் கட்டடத்துக்கு வந்து கதவைத் தட்டினார்கள். யாரும் திறக்கவில்லை, திரும்பிவிட்டார்கள். ஏப்ரல் 2ஆம் தேதி போலோனியா அருகே பேராசிரியர்கள் சிலர் கூடியிருந்த இடத்தில், ஆவிகளை அழைத்துக் கேட்டபோது கிராதோலி என்ற பெயர் கிடைத்ததாக ஒரு தகவல் அரசுக்கு வந்தது; அந்தக் கூட்டத்தில் பின்னாளில் பிரதமரான ரொமானோ ப்ரோதியும் இருந்தார். காவல்துறை புறப்பட்டுப் போய் விதெர்போ அருகே கிராதோலி என்ற சிற்றூரைச் சல்லடை போட்டுத் தேடியது. யாரோ தங்களுக்குத் தெரிந்த ஒரு செய்தியைத் தங்கள் பெயர் வெளிவராமல் சொல்ல ஆவியைச் சாக்காக்கினார்கள் என்றே நானும் நினைக்கிறேன். ஆவி பெயர் சொல்லியும் தெரு கிடைக்காதது வேறு விஷயம். கடைசியில் ஏப்ரல் 18 அன்று, குளியலறையிலிருந்து கீழ்வீட்டுக்குத் தண்ணீர் ஒழுகியதால் அழைக்கப்பட்ட தீயணைப்பு வீரர்கள்தான் அந்த வீட்டைக் கண்டுபிடித்தார்கள். அதே நாளில், மோரோவின் உடல் துச்சேஸ்ஸா என்ற மலை ஏரியில் கிடக்கிறது என்று ஒரு போலி அறிக்கை வெளியாகி, உறைந்த பனிக்கட்டியை உடைத்து முக்குளிப்போர் தேடிக்கொண்டிருந்தார்கள். இரண்டு நாள் கழித்து, அந்தக் குழுவின் ஐந்துமுனை நட்சத்திரக் கொடியின் முன் அமர்ந்து, தான் கொல்லப்பட்டுவிட்டாரா என்று கேட்கும் தலைப்பைத் தாங்கிய செய்தித்தாளைத் தன் கையாலேயே பிடித்திருக்கும் மோரோவின் நிழற்படம் வந்தது.

அவர் அடைக்கப்பட்டிருந்த இடம் மொந்தால்சீனி தெருவில் ஒரு சாதாரண அடுக்குமாடி வீடு. அங்கிருந்து அவர் எண்பதுக்கும் மேற்பட்ட கடிதங்கள் எழுதினார். உள்துறை அமைச்சர் பிரான்செஸ்கோ கொஸ்ஸிகாவுக்கும் கட்சிச் செயலாளர் பெனிஞ்ஞோ ஸக்கன்யீனிக்கும் எழுதியவற்றில், நிரபராதிகளின் உயிரைக் காக்கக் கைதிகளைப் பரிமாறிக்கொள்வது உலகில் இல்லாத வழக்கமல்ல என்று ஒரு சட்டப் பேராசிரியருக்குரிய தெளிவுடன் வாதிட்டார். அரசும் இரு பெரிய கட்சிகளும் பேச்சுவார்த்தை இல்லை என்ற நிலையில் உறுதியாய் நின்றன. பெத்தீனோ கிராக்ஸியின் சோசலிஸ்ட் கட்சி மட்டுமே மனிதாபிமான வழி ஒன்றைத் தேட வேண்டும் என்றது. இந்தக் கடிதங்களை எழுதுபவர் தாங்கள் அறிந்த மோரோ அல்லர் என்று நண்பர்களும் பத்திரிகைகளும் சொன்னதுதான் அந்த ஐம்பத்தைந்து நாள்களில் மிகக் கொடுமையானதாக எனக்குப் படுகிறது. ஐந்து காவலர்களைக் கொன்றவர்களோடு பேரம் பேசக் கூடாது என்ற நிலைக்கு நியாயம் உண்டு. சிறைப்பட்டவரின் சொல்லைச் சொல்லே இல்லை என்று தள்ளியதற்கு அந்த நியாயம் போதாது. தன் இறுதிச் சடங்கில் அரசு அதிகாரிகளோ கட்சிக்காரர்களோ கலந்துகொள்ளக் கூடாது என்று அவர் ஸக்கன்யீனிக்கு எழுதினார். அந்தச் சொல்லையாவது குடும்பம் அப்படியே காப்பாற்றியது.

மே 9 அன்று நடுப்பகலில், மோரோவின் உதவியாளர் ஒருவருக்கு வந்த தொலைபேசி அழைப்பின்படி, காயெத்தானி தெருவில் நிறுத்தப்பட்டிருந்த சிவப்பு ரெனோ 4 காரின் டிக்கியில் அவர் உடல் கிடைத்தது. கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சித் தலைமையகமும் கம்யூனிஸ்ட் கட்சித் தலைமையகமும் அங்கிருந்து சில நிமிட நடையில் இருந்தன. மறுநாள் கொஸ்ஸிகா பதவி விலகினார். அதே நாள் ரோமுக்கு வடக்கே தொர்ரீத்தா திபெரீனா என்ற சிற்றூரில் குடும்பத்தார் மட்டும் கூடி அடக்கம் செய்தார்கள். 13ஆம் தேதி ரோமின் லாத்தரன் பேராலயத்தில் உடல் இல்லாமலேயே அரசு சார்பில் நினைவுத் திருப்பலி நடந்தது. எண்பது வயதான போப் ஆறாம் பால் தள்ளாடிய நிலையிலும் வந்து, மோரோவுக்காகத் தாங்கள் செய்த மன்றாட்டை இறைவன் செவிமடுக்கவில்லையே என்று கேட்டார். ஒரு போப் பொதுவில் இப்படிப் பேசுவது அபூர்வம். அவர் ஏப்ரலில் சிவப்புப் பிரிகேட்காரர்களுக்குத் தன் கைப்பட ஒரு பகிரங்கக் கடிதம் எழுதி, நிபந்தனை எதுவும் இன்றி விடுவிக்கும்படி மண்டியிட்டுக் கேட்பதாகச் சொல்லியிருந்தார். மோரோ அவருக்கு நெடுநாளைய நண்பர்.

அதே மே 9ஆம் தேதி அதிகாலையில் இன்னொரு மரணம் நிகழ்ந்திருந்தது. சிசிலியில் பலெர்மோவுக்கு மேற்கே உள்ள சினிஸி என்ற ஊரில், இரயில் தண்டவாளத்தில் வெடிமருந்தால் சிதறடிக்கப்பட்ட நிலையில் பெப்பினோ இம்பஸ்தாத்தோவின் உடல் கிடந்தது. வயது முப்பது. தந்தை மாஃபியாவோடு உறவுள்ளவர்; மகன் அதே மாஃபியாவை எதிர்த்துக் கிளம்பியவர். பலெர்மோ விமான நிலையம் சினிஸியின் எல்லைக்குள்தான் இருக்கிறது. அதன் மூன்றாவது ஓடுபாதைக்காக நிலம் பறிக்கப்பட்ட விவசாயிகளோடு நின்று போராடத் தொடங்கிய அவர், பின்னர் ராதியோ அவுத் என்ற சிறு வானொலி நிலையத்தை நடத்தினார். அதில் உள்ளூர் மாஃபியாத் தலைவர் கயெதானோ படலமெந்தியைப் பட்டப்பெயர் வைத்துக் கிண்டலடித்து, ஊரையே ஒரு கோமாளிக் கூத்தாக மாற்றி நிகழ்ச்சி நடத்துவார். படலமெந்தியின் வீடு இம்பஸ்தாத்தோவின் வீட்டிலிருந்து நூறு காலடி எண்ணினால் வந்துவிடும் என்று அந்த ஊரில் சொல்வார்கள். மாஃபியாவை எதிர்த்துத் துப்பாக்கி தூக்கியவர்களைவிடச் சிரிப்பு மூட்டியவரை அவர்கள் ஏன் பொறுக்கவில்லை என்பது சிறு ஊர்களில் மரியாதை எப்படி வேலை செய்கிறது என்று அறிந்தவர்களுக்குப் புரியும்.

தண்டவாளத்தைத் தகர்க்க முயன்ற இடதுசாரித் தீவிரவாதி தன் குண்டுக்கே பலியானான், அல்லது தற்கொலை செய்துகொண்டான் என்று விசாரணை அதிகாரிகள் உடனே முடிவுகட்டினார்கள். ரோமில் நடந்தது அந்த முடிவை நம்பவைக்க வசதியாக இருந்தது; மறுநாள் செய்தித்தாள்களில் சிசிலிக்கு இடமே இல்லை. நகராட்சித் தேர்தலுக்கு நாள் நெருங்கியிருந்தது. வேட்பாளராக நின்ற அவரை இறந்தபின்னும் சினிஸி மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்தார்கள். தாய் ஃபெலீச்சியா, தம்பி ஜொவான்னி, நண்பர்கள் ஆகியோரின் விடாமுயற்சியால் வழக்கு திரும்பத் திரும்பத் திறக்கப்பட்டு, 2002இல் படலமெந்திக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. இருபத்து நான்கு ஆண்டுகள். 1978இன் மரணப் பட்டியல்களில் அந்தக் காலத்தில் இல்லாத பெயர் இது. இன்று மோரோவின் பெயருக்கு அடுத்து வருகிறது.

இனி சட்டங்கள். மார்ச் 11 அன்று அமைந்த அமைச்சரவையில் சுகாதாரத் துறை டீனா அன்ஸெல்மிக்குக் கிடைத்தது. வெனெத்தோ மாநிலத்துக் கத்தோலிக்கர். பாசிசத்துக்கு எதிரான போராட்டத்தில் பதினேழு வயதில் மிதிவண்டியில் செய்தி கொண்டு போனவர். 1976இல் தொழிலாளர் நலத் துறையை ஏற்று இத்தாலியின் முதல் பெண் அமைச்சரானவர். அவர் பதவியேற்ற ஐந்தாம் நாள் மோரோ கடத்தப்பட்டார். அடுத்த ஒன்பது மாதங்களில் அவர் துறை கொண்டுவந்த, அல்லது அவர் கையெழுத்திட வேண்டி வந்த சட்டங்கள் மூன்று: 180, 194, 833.

180ஆம் எண் சட்டம் மே 13 அன்று, அதாவது லாத்தரனில் நினைவுத் திருப்பலி நடந்த அதே நாளில் வந்தது. மனநல மருத்துவமனைகளைப் படிப்படியாக மூடச் சொன்ன சட்டம் இது. உலகில் இதற்கு முன் எந்த நாடும் இதைத் தேசிய அளவில் செய்யவில்லை. 1904ஆம் ஆண்டுச் சட்டப்படி, தனக்கோ பிறருக்கோ ஆபத்தானவர் அல்லது பொது இடத்தில் அவமானம் விளைவிப்பவர் என்று சொல்லி ஒருவரை அடைத்துவிடலாம். 1968 வரை அந்தச் செய்தி அவருடைய குற்றப் பதிவேட்டிலும் ஏறிவிடும். மருத்துவர் ஃபிராங்கோ பஸாலியா 1961இல் கொரீட்சியா மருத்துவமனைக்குப் பொறுப்பேற்றது முதல் இந்த அமைப்பைத் திருத்த முடியாது, கலைக்கத்தான் வேண்டும் என்று சொல்லிவந்தார். 1971இல் திரியெஸ்தே மருத்துவமனைக்கு வந்தபோது அங்கே ஏறத்தாழ 1,200 பேர் அடைக்கப்பட்டிருந்தார்கள். 1973இல் நோயாளிகளும் கலைஞர்களும் சேர்ந்து மரத்தாலும் காகிதக் கூழாலும் செய்த நீலக் குதிரை ஒன்றை நகருக்குள் ஊர்வலமாகக் கொண்டு போனார்கள். குதிரை வாயிலைவிட உயரமாக இருந்ததால் கதவுச் சட்டத்தை இடித்துத்தான் வெளியே எடுக்க வேண்டியிருந்தது.

இவ்வளவு பெரிய மாற்றம் அவ்வளவு வேகமாக நிறைவேறியதற்குக் காரணம் கொள்கைப் பிடிப்பு மட்டுமல்ல. பழைய சட்டத்தை நீக்கக் கோரி ராடிக்கல் கட்சி கையெழுத்துத் திரட்டியிருந்தது. பொதுவாக்கெடுப்பு ஜூன் 11க்குக் குறிக்கப்பட்டிருந்தது. அதற்குள் புதுச் சட்டம் வராவிட்டால், பழையது ரத்தாகி எதுவுமே இல்லாத நிலை வரலாம். அல்லது நாடு இன்னொரு பிரச்சினையில் இரண்டாகப் பிளக்கலாம். ஆகவே கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்த மனநல மருத்துவர் புரூனோ ஓர்சீனி முன்னின்று வடிவமைத்த சட்ட வரைவு, முழு அவையின் விவாதத்துக்குப் போகாமல் குழுக்களிலேயே நிறைவேற்றப்பட்டது. ஒருவரை விருப்பமின்றிச் சிகிச்சைக்கு உட்படுத்த வேண்டுமானால் மேயரின் ஆணை வேண்டும், அது நீதிபதியின் பார்வைக்குப் போக வேண்டும், காலம் ஏழு நாள், நீட்டிக்க வேண்டுமானால் மறுபடியும் காரணம் சொல்ல வேண்டும் என்று அது வகுத்தது. மூடச் சொன்ன சட்டம், அதற்குப் பதிலாக வெளியே அமைய வேண்டிய சேவைகளுக்குப் போதிய பணம் ஒதுக்கவில்லை. பல மாநிலங்களில் குடும்பங்கள் நீண்ட காலம் தனியாகத் தவித்தன, கடைசி மருத்துவமனைகள் மூட 1990களின் இறுதி வரை ஆயிற்று. பஸாலியாவே இந்தச் சட்டம் ஒரு தொடக்கம்தான் என்ற எச்சரிக்கையோடுதான் இதை வரவேற்றார். 1980இல் ஐம்பத்தாறு வயதில் இறந்துவிட்டார்.

194ஆம் எண் சட்டம் மே 22 தேதியிட்டது. முதல் தொண்ணூறு நாள்களுக்குள் அரசு மருத்துவமனையில் கருக்கலைப்புக்கு அனுமதி, மனசாட்சியின் பேரில் மறுக்க மருத்துவருக்கு உரிமை என்று இரண்டையும் ஒன்றாக வைத்த சட்டம். செனட் அவையில் 160க்கு 148 என்ற வாக்கு வேறுபாட்டில் நிறைவேறியது. கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சி எதிர்த்து வாக்களித்துத் தோற்றது. ஆனால் அதற்காக அரசைக் கவிழ்க்கவில்லை. இதே பிரச்சினையில் ஒரு பொதுவாக்கெடுப்பைத் தவிர்ப்பதும் 1976இல் நாடாளுமன்றத்தை முன்கூட்டியே கலைத்ததற்கு ஒரு காரணமாக இருந்தது என்பதை நினைத்துப் பார்த்தால், இந்தப் பொறுமையின் அளவு தெரியும். சட்டத்தின் கீழ் உள்ள பெயர்களைப் பாருங்கள்: குடியரசுத் தலைவர் லியோனே, பிரதமர் அந்த்ரியோத்தி, அமைச்சர் அன்ஸெல்மி. மூவரும் அதை எதிர்த்த கட்சியினர். கத்தோலிக்கராகத் தான் ஏற்காத ஒன்றை, நாடாளுமன்றம் நிறைவேற்றிய காரணத்தால் அமைச்சராகக் கையெழுத்திட்டுச் செயல்படுத்திய அன்ஸெல்மிக்கு இரு தரப்பிலிருந்தும் வசவுகள் கிடைத்தன. மோரோ பேசிவந்த சகவாழ்வு நடைமுறையில் எப்படி இருக்கும் என்பதற்கு இதைவிட நல்ல சான்றை நான் பார்த்ததில்லை.

கோடைக்காலத்தை விரைவாகக் கடந்துவிடலாம். ஜூன் 11, 12 தேதிகளில் மிஞ்சிய இரண்டு பொதுவாக்கெடுப்புகள் நடந்து, காவல்துறைக்குக் கூடுதல் அதிகாரம் தந்த சட்டமும் கட்சிகளுக்கு அரசு நிதி தரும் சட்டமும் நீடித்தன. ஆனால் கட்சி நிதியை நீக்கச் சொன்னவர்கள் 43 விழுக்காட்டுக்கு மேல் இருந்தது கட்சித் தலைமைகளைத் திடுக்கிட வைத்தது. மூன்று நாள் கழித்து, அமெரிக்க நிறுவனமான லாக்ஹீடிடம் விமானம் வாங்கியதில் எழுந்த லஞ்ச ஊழலில் பெயர் அடிபட்ட குடியரசுத் தலைவர் ஜொவான்னி லியோனே, பதவிக் காலம் முடிய ஆறு மாதம் இருக்கையில், தொலைக்காட்சியில் தோன்றி விலகினார். அவர்மேல் எதுவும் நிரூபிக்கப்படவில்லை. அவரைக் கடுமையாகத் தாக்கிய ராடிக்கல் தலைவர்களே இருபது ஆண்டுகளுக்குப் பின் மன்னிப்புக் கேட்டார்கள். ஜூலை 8 அன்று பதினாறாவது சுற்று வாக்கெடுப்பில், 995இல் 832 வாக்குகள் பெற்று, எண்பத்தொரு வயதான சோசலிஸ்ட் சாந்த்ரோ பெர்தீனி தேர்வானார். பாசிசச் சிறையில் கம்யூனிஸ்ட் சிந்தனையாளர் கிராம்ஷியோடு இருந்தவர், இத்தாலியர்கள் இன்றும் அன்போடு நினைக்கும் தலைவர். விளையாட்டில், அர்ஜென்டினாவில் நடந்த உலகக் கோப்பைக் கால்பந்தில் இத்தாலி நான்காம் இடம் பெற்றது. ஆகஸ்டில் சாரா சிமெயோனி பிரெஷ்யாவில் 2.01 மீட்டர் தாண்டி உயரம் தாண்டுதலில் உலக சாதனை படைத்தார்.

ஆகஸ்ட் 6 அன்று போப் ஆறாம் பால் இறந்தார். 1964இல் பம்பாய்க்கு வந்து, இந்திய மண்ணில் கால் வைத்த முதல் போப் என்ற வகையில் நம்மவர்களுக்கும் அவர் பரிச்சயமானவர். வத்திக்கான் தனி அரசு என்பதால் அதன் செய்தி இத்தாலியச் செய்தியாகுமா என்று சிலர் கேட்கலாம்; 1978இன் இத்தாலியில் அந்தக் கேள்வியை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆகஸ்ட் 26 அன்று வெனிஸ் பேராயர் அல்பீனோ லுச்சியானி, முதலாம் ஜான் பால் என்ற பெயருடன் போப்பானார். முடிசூட்டு விழா வேண்டாம் என்றார். இறைவன் தந்தை, அதைவிடத் தாய் என்று சொல்லி மரபுவாதிகளின் புருவத்தை உயர்த்தினார். முப்பத்து மூன்று நாள்களில், செப்டம்பர் 28 இரவு இறந்துபோனார். உடலைக் கண்டது அவருக்குப் பணிவிடை செய்த அருட்சகோதரி; ஆனால் வத்திக்கான் முதலில் செயலாளர் கண்டதாக அறிவித்தது. ஒரு பெண் போப்பின் அறைக்குள் சென்றதைச் சொல்லக் கூச்சப்பட்டதால் வந்த அந்தச் சின்னப் பொய்யிலிருந்துதான் பிந்தைய கொலைக் கதைகள் பலவும் முளைத்தன. அக்டோபர் 16 அன்று போலந்தின் கரோல் வொய்த்திவா இரண்டாம் ஜான் பால் என்ற பெயருடன் தேர்வானபோது, 1523இல் இறந்த ஆறாம் ஏட்ரியனுக்குப் பின் இத்தாலியர் அல்லாத முதல் போப் என்ற செய்தி இத்தாலியருக்கு ஒரு சொத்து கைவிட்டுப் போன உணர்வைத் தந்தது. புதியவர் மாடத்தில் நின்று இத்தாலிய மொழியிலேயே பேசி, பிழை செய்தால் திருத்துங்கள் என்று, அதையும் பிழையோடே சொன்னதும் சதுக்கம் ஆரவாரித்தது.

இயற்கையாய் மறைந்தவர்களில் மூவரைச் சொல்ல வேண்டும். ஜூலை 30 அன்று தொண்ணூற்று மூன்று வயதில் இறந்த உம்பெர்தோ நோபிலே, 1926இல் நார்வேயின் துருவ ஆய்வாளர் ஆமுண்ட்செனோடு வான்கப்பலில் வடதுருவத்தின் மேல் பறந்தவர். 1928இல் அவர் தலைமையில் சென்ற இத்தாலியா என்ற வான்கப்பல் பனியில் மோதியபோது பதினாறு பேரில் பத்துப் பேர் பனிக்கட்டியில் எறியப்பட்டார்கள். ஆறு பேரைச் சுமந்துகொண்டு மேலெழுந்த வான்கப்பலின் மிச்சம் திரும்பக் கிடைக்கவேயில்லை. தேடிப்போன ஆமுண்ட்செனும் மறைந்தார். மீட்புக்கு வந்த ஸ்வீடன் விமானி, காயமுற்ற தளபதியையும் அவர் நாய் தித்தீனாவையும் முதலில் ஏற்றிச் சென்றது வாழ்நாள் பழியாயிற்று. பாசிச அரசின் விசாரணை அவரைக் குற்றவாளியாக்கியது, போருக்குப் பின்னரே அந்தப் பழி நீங்கியது. ஆகஸ்ட் 22 அன்று ஜெனீவாவில் எழுத்தாளர் இஞ்ஞாட்சியோ சிலோனே இறந்தார். 1915 நிலநடுக்கத்தில் தாயை இழந்த சிறுவன், 1921இல் கம்யூனிஸ்ட் கட்சியை நிறுவியவர்களில் ஒருவராகி, ஸ்டாலினியத்தோடு முறிந்து 1931இல் வெளியேற்றப்பட்டவர். சுவிட்சர்லாந்தில் அகதியாய் இருந்து தன் ஊர் ஏழை விவசாயிகளை உலகறியச் செய்தவர். 1990களில் அவர் பாசிசக் காவல்துறைக்குத் தகவல் தந்தார் என்று சில ஆவணங்களை வைத்து வரலாற்றாசிரியர்கள் எழுதியதில் இன்றும் விவாதம் தீரவில்லை. நவம்பர் 20 அன்று தொண்ணூறு வயதில் ரோமில் மறைந்த ஓவியர் ஜோர்ஜியோ தெ கீரிகோ, ஆளற்ற சதுக்கங்களையும் நீண்ட நிழல்களையும் வரைந்து மிகைநடப்பியலாளர்களுக்கு (சர்ரியலிஸ்ட்டுகளுக்கு) வழிகாட்டிய பின், அந்தப் பாணியையே கைவிட்டவர். தன் பழைய ஓவியங்களின் போலிகளை எதிர்த்து வழக்காடிக்கொண்டே தானும் பழைய தேதியிட்டுப் புதிது வரைந்தவர் என்பதால் சந்தைக்குப் பெரும் தலைவலி.

ஆயுதக் குழுக்களை ஒடுக்க ஆகஸ்டில் ஜெனரல் கார்லோ அல்பெர்தோ தால்லா கியேசாவுக்குச் சிறப்பு அதிகாரம் தரப்பட்டது. அக்டோபர் 1 அன்று மிலானில் மொந்தே நெவோசோ தெரு வீட்டில் அவர் ஆள்கள் நுழைந்தபோது, சிறையில் மோரோ எழுதிய வாக்குமூலத்தின் தட்டச்சுப் பிரதி கிடைத்தது. வீட்டை முழுவதும் தேடியாயிற்று என்றார்கள். 1990இல் அதே வீட்டைச் செப்பனிட்ட தொழிலாளர்கள், சன்னலுக்குக் கீழே இருந்த தடுப்பை உடைத்தபோது அவர் கையெழுத்துப் பக்கங்களின் நகல்கள் நூற்றுக்கணக்கில் வந்து விழுந்தன. அதற்குள் தால்லா கியேசா உயிரோடு இல்லை. 1982இல் பலெர்மோவில் மாஃபியா அவரைக் கொன்றுவிட்டது.

டிசம்பரில் எல்லாமே ஒன்றாகக் குவிந்தன. உறுப்பு நாடுகளின் நாணய மதிப்புகளை ஒன்றோடொன்று பிணைத்த ஐரோப்பிய நாணய முறையில் சேர அந்த்ரியோத்தி எடுத்த முடிவை 13ஆம் தேதி கீழவை ஏற்றது. கம்யூனிஸ்ட்டுகள் எதிர்த்து வாக்களித்தார்கள், மார்ச் மாத உடன்பாட்டில் வெளிப்பட்ட முதல் பெரிய விரிசல் அது. 23ஆம் தேதி 833ஆம் எண் சட்டம் தேசிய சுகாதாரச் சேவையை நிறுவியது. தொழிலுக்கொன்றாக இருந்த எண்ணற்ற மருத்துவ நிதி அமைப்புகளைக் கலைத்து, ஏழை பணக்காரர் பாகுபாடின்றிக் குடிமக்கள் அனைவருக்கும் வரிப்பணத்தில் மருத்துவம் என்ற கொள்கையை அது கொண்டுவந்தது. 180ஆம் எண் சட்டத்தின் விதிகளும் இதற்குள் சேர்க்கப்பட்டன. அதே 23ஆம் தேதி நள்ளிரவு கடந்ததும், பலெர்மோ விமான நிலையத்தில் இறங்கவிருந்த அல்இத்தாலியா டிசி-9 விமானம் கடலில் விழுந்து, 129 பேரில் 108 பேர் இறந்தார்கள். பண்டிகைக்கு வீடு திரும்பிக்கொண்டிருந்தவர்கள். பிழைத்த 21 பேரையும் அருகில் வலை வீசிக்கொண்டிருந்த மீன்பிடிப் படகுகள் தூக்கின. சினிஸி மக்கள் ஓடுபாதைக்காக நிலம் இழந்த அதே விமான நிலையம் அது.

கம்யூனிஸ்ட்டுகள் பெரும்பான்மையை விட்டு வெளியேறியது ஒரு மாதத்துக்குப் பிறகு. 1979 ஜனவரி 24 அன்று ஜெனோவாவில் உருக்காலைத் தொழிலாளியும் கம்யூனிஸ்ட் தொழிற்சங்கத்தவருமான குயீதோ ரொஸ்ஸாவை, தன் ஆலையில் சிவப்புப் பிரிகேட் துண்டறிக்கைகளைப் பரப்பியவரைக் காட்டிக்கொடுத்ததற்காகச் சுட்டுக் கொன்றார்கள். அடக்கத்துக்கு வந்த பெர்தீனி, துறைமுகத் தொழிலாளர்களிடம் நேரில் போய்ப் பேசினார். ஆலைகளில் அந்தக் குழுவுக்கு மிச்சமிருந்த அனுதாபமும் அத்துடன் போயிற்று. ஜனவரி 31 அன்று அந்த்ரியோத்தி அரசு விலகியது. ஜூன் மாதத் தேர்தலில் கம்யூனிஸ்ட்டுகள் 34.4 விழுக்காட்டிலிருந்து 30.4க்கு இறங்கினார்கள். ஓராண்டு ஒத்துழைத்ததற்கு அவர்கள் கொடுத்த விலை அது. அந்த ஓராண்டில் வந்த கருக்கலைப்புச் சட்டத்தை நீக்கச் சொல்லி 1981இல் நடந்த பொதுவாக்கெடுப்பில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்டோர் சட்டம் நீடிக்கட்டும் என்று வாக்களித்தார்கள்.